கை நடுங்காத ராணி

அக்கா,

நேற்று சாயங்காலம் மழைக்கோட்டைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன். கோட்டு கிடைக்கவில்லை. பழைய போர்வைக்கு அடியிலிருந்து உன் வாசனை வந்தது. தலைவலித் தைலம். நெற்றியில் தேய்த்த கையைத் துடைக்காமலே பக்கம் புரட்டுவாய் நீ. உன் கைக்குப் போய் வந்த புத்தகமெல்லாம் மருந்துக்கடை போல மணக்கும். உள்ளே கையை விட்டு இழுத்தேன். அந்தச் சரித்திர நாவலின் பின்பாதி. நம் கம்பெனி லைனில் ஒயர் சுற்றுகிற கறுப்பு டேப்பை அதன் முதுகில் நீ ஒட்டியிருந்தாய். இன்னும் பிரியவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் உட்கார்ந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பயம். ஒரு வாரமாகவே எனக்குப் பயம்தான். அதற்கு நடுவில் நீ வேறு தைலமாக வந்து நின்றால் நான் என்ன ஆவேன்? விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள், நம் பாப்பா, டிப்ளமோ முடித்துவிட்டாள். எளாவூரில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று முதல் நாள். ஸ்கூட்டரில் போகிறாள்.

எளாவூர் என்றதும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும், "ஊர்ல எல்லாப் புள்ளைங்களும்தான் வண்டில போவுது வருது, உனக்கு மட்டும் இன்னா?" என்கிறார்கள். பாப்பாவின் அப்பாவே அப்படித்தான் சொல்கிறார். நீ மட்டும் சொல்லமாட்டாய்.

நம் கம்பெனி பஸ் இன்னும் அதே சுற்றுத்தான் சுற்றுகிறது. கும்மிடிப்பூண்டியில் ஏறினால் கவரப்பேட்டை, புதுவாயல், பெரியபாளையம் என்று எல்லா ஊரையும் நலம் விசாரித்துவிட்டுத் திருவள்ளூர் போய்ச் சேருவதற்குள் ஒரு முழுத் தூக்கம் தூங்கி எழுந்துவிடலாம். மற்றவர்கள் தூங்கினார்கள். நாம் படித்தோம். திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் எடுக்கிற தடித்தடி நாவல்களை ஒருத்தி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தி காத்திருக்க முடியாமல்தானே அந்த வேலையை ஆரம்பித்தோம்? பிளேடு வைத்து நடுவில் அறுத்துவிடுவது. முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு. அறுத்த முதுகுக்கு லைனில் மிச்சமாகும் டேப்பைச் சுற்றுவது. முதல் தடவை அறுத்தபோது பின்சீட்டில் இருந்தவர்கள், "மீன் வெட்ற மாதிரி வெட்றாளுங்க பாரு" என்று சிரித்தார்கள்.

பின்பாதியை நீயாகத்தான் கேட்டு வாங்கினாய். முடிவு தெரியாமல் உன்னால் ஒரு பக்கம்கூட நகர முடியாது. யார் சாகிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, நான் என் பாதியில் யார்மேல் உயிரை வைத்திருக்கிறேன் என்று விசாரிப்பாய். பிறகு ஒரு டாக்டர் மாதிரி சொல்வாய். "உன் ஆளு சாவமாட்டான். தைரியமா படி." சாகிறவனாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். அதைப் பார்த்தே நான் மனதைத் திடப்படுத்திக்கொள்வேன். கதையைக் கெடுத்துவிட்டாய் என்று உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் நீ சொல்லாமல் நான் எதையும் படித்ததில்லை. எனக்கு முன்னால் ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள் என்பது எவ்வளவு பெரிய தெம்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் பிள்ளை போன நாளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இன்று எழுதாமல் முடியாது. நீ நம் பஸ்ஸுக்கு வந்த பிறகு அவன் எழுந்து, பனியில், பைக்கில் எளாவூர் கம்பெனிக்குக் கிளம்பியிருக்கிறான். ஆந்திர எல்லைச் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருக்கிறது. அவ்வளவுதான். நம் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். பூட்டிய லாக்கருக்குள் உன் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். நீ இந்தப் பக்கம் ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டே என்னிடம் ஏதோ ஒரு கதையின் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தாய். சூப்பர்வைசர் வந்து உன் பெயரைச் சொன்னபோது, சுற்றின டேப்பைக் கிழிக்காமல் அப்படியே ரோலோடு எழுந்தாய். கேட் வரைக்கும் அது உன் கையில் இருந்தது. நான்தான் வாங்கிக்கொண்டேன்.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பி வந்தாய். நீ அழுவாய், எப்படிச் சமாதானம் சொல்வது என்று நாங்கள் ஆளுக்கு ஆள் தயாராக இருந்தோம். நீ அழவில்லை. பஸ் பிரேக் போட்டால் என் கையைப் பிடித்தாய். யார் போன் அடித்தாலும் உன் வாய் காய்ந்தது. வீட்டுக்காரர் பால் வாங்கப் போய்த் தாமதமானால் தெருமுனையில் போய் நின்றாய். என்னிடம் ஒரு நாள் மெதுவாகச் சொன்னாய்:

"அயுவ வரலமே. பயமா கீது. எப்பப் பாத்தாலும் பயமாவே கீது. இத யார்கிட்ட சொன்னாலும் புரிய மாட்டேங்குது."

"இன்னாத்துக்குக்கா பயம்? நடக்க வேண்டியது நடந்துபோச்சே."

"அன்னிக்கி எனக்குப் பயமே இல்லமே. நைனா தூங்கிக்கினு இருந்தான், போர்வைய இழுத்து உட்டுட்டு நிம்மதியா வந்து பஸ் ஏறுனேன். அதான் இப்டி ஆயிடுச்சி. பயந்துக்கினே இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

மகனை நைனா என்றுதான் கூப்பிடுவாய். நீ சொன்னதில் நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து நீ பயப்படுவதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாய். உனக்கென்று வேறு பிள்ளை இல்லாததால் என் பிள்ளைக்கும் சேர்த்துப் பயந்தாய். சாயங்காலம் லாக்கர் திறந்ததும் எல்லோரும் அவரவர் போனைப் பார்ப்பார்கள். நீ என் போனைப் பார்ப்பாய். "பாப்பா ஊட்டுக்கு வந்துட்டாளா?" தினமும் இதே கேள்வி. சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நல்ல நாளிலும் இதைக் கேட்கிறாளே என்று. "வந்துட்டாக்கா" என்பேன். உன் தோள் இறங்கும். அதன்பிறகுதான் நீ உன் பையை எடுத்து மாட்டிக்கொள்வாய்.

படிப்பதிலும் மாறிவிட்டாய். பின்பாதி வேண்டாம் என்றாய். "முன்பாதி குடுமே. எல்லாரும் உசுரோட கீற பாகம்." அதையும் முழுதாக முடிக்கமாட்டாய். எங்கேயாவது ஒருவனுக்கு இருமல் வந்தால், ஒரு போர் பற்றிப் பேச்சு எழுந்தால், மூடிக் கொடுத்துவிடுவாய்.

அப்போதுதான் இந்த நாவல் வந்தது. மூத்த மகனைப் போரில் பறிகொடுத்த ஒரு ராணி, அவள் குடும்பம், அவர்களுடைய துக்கம். ஊரே தூக்கி வைத்துப் பேசியது. நானும் நம்பினேன். முன்பாதியைப் படித்து பஸ்ஸிலேயே மூக்கைச் சிந்தினேன். உன் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்பது இதைப் படித்தாலாவது கரையும் என்று நினைத்தேன். வற்புறுத்தி உன் கையில் பின்பாதியைத் திணித்தேன்.

ஆடி மாதம் அது. பெரியபாளையத்தில் அம்மன் கோயில் வேப்பிலைக் கூட்டத்துக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. நீ பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டாய்.

"இந்தா உன் ராணி. நீயே வச்சிக்கினு அயுவு."

"ஏன்க்கா, நல்லா இல்லியா? எல்லாரும் ஆகா ஓகோன்றாங்க."

"அயுவுறா. நல்லாத்தான் அயுவுறா. நெலாவப் பாத்து அயுவுறா, வெளக்கப் பாத்து அயுவுறா. ஒரு வாட்டியாச்சும் பயந்தாளா? பெரியவன வாரிக் குடுத்தவ, சின்னவனுக்கு இடுப்புல வாளு கட்டி உட்டுட்டு சிரிச்சிக்கினு நிக்கிறா. அவ கை நடுங்கலன்னு எயுதி வச்சிக்கீறான். எந்த ஊர்லமே கை நடுங்காது?"

"அவ ராணிக்கா. அந்தக் காலத்து வீரம் அது."

"ராணின்னா? வவுத்துல பெக்கலியா? அந்தக் காலத்துலயும் புள்ள புள்ளதான். பயந்தவங்க கதைய எவனும் கல்லுல வெட்டி வெக்கல. அதான் இவனுக்குத் தெர்ல."

நான் விடவில்லை. நடை எவ்வளவு அழகு, போர்க்களத்தை எப்படிக் கண்முன் நிறுத்துகிறார் என்றெல்லாம் உன்னோடு மல்லுக்கு நின்றேன். நீ சலித்துப்போய், "சும்மா பேஜாரு பண்ணாதமே" என்று கண்ணை மூடிக்கொண்டாய். வெளியே உடுக்கைச் சத்தம். பஸ் ஒருவழியாக நகர்ந்ததும் கண்ணைத் திறக்காமலே சொன்னாய்:

"சின்னவன் சாவமாட்டான். தைரியமா படி."

உனக்குப் பிடிக்காத புத்தகத்துக்கும் உன் கடமையைச் செய்துவிட்டாய். நான் அந்தப் பின்பாதியையும் படித்தேன், பிரமாதம் என்று மெச்சினேன், பீரோவில் வைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்றார்கள். எங்கள் எல்லோருக்கும் பயம். உனக்கு மட்டும் துளிப் பயமில்லை. உன் விஷயத்தில் நீ பயப்படவேயில்லை அக்கா, அதை நான் பார்த்தேன். நான் கிளம்பும்போது கேட்டாய், "பாப்பா ஊட்டுக்கு வந்துட்டாளா?" என்று. "வந்துட்டாக்கா" என்றேன். அவள் அப்போது காலேஜ் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வந்து சேர்ந்தாளா என்று எனக்கே தெரியாது. உன் தோள் இறங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் நீ இல்லை.

நேற்று அந்தப் பின்பாதியைத் தரையில் உட்கார்ந்தே மறுபடி படித்தேன். பிரமாதம் என்று நான் சொன்ன பக்கங்களை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். கோபம்தான் வந்தது. ராணியின் கண்ணீர் முத்தாக உதிர்கிறது. ராஜா கல்லாகச் சமைகிறார். அரண்மனைப் புறாக்கள்கூட அந்தத் துக்கத்தில் இரை எடுக்கவில்லை. எல்லாம் இருக்கிறது, நீ சொன்னது மட்டும் இல்லை. மூத்தவன் போன வீட்டில் இளையவன் வெளியே போனால் என்ன நடக்கும் என்று எழுதியவருக்குத் தெரியவே இல்லை. ராணி ஒரு தடவையாவது குதிரைச் சத்தம் கேட்கிறதா என்று வாசலுக்கு ஓடியிருக்க வேண்டாமா? காவல்காரனைக் கூப்பிட்டு, "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்டிருக்க வேண்டாமா? நிஜமான ராணியாக இருந்தால் அந்த வாளை நெற்குதிருக்குள் ஒளித்து வைத்திருப்பாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? ஸ்கூட்டர் சாவியை நான் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பாப்பா ஒரு வாரம் வீடு முழுக்கத் தேடினாள். நானும் கூடவே தேடினேன். கட்டில் அடியில் எல்லாம் குனிந்து பார்த்தேன். கடைசியில் சனிக்கிழமை சோற்றுக்கு அரிசி அளக்கப் போனவள் சாவியோடு வந்து நின்றாள். திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"அம்மா, அந்தக் கம்பெனிக்கு பஸ் கெடியாது. ஷேர் ஆட்டோவுல செக்போஸ்ட்டு வரைக்கும் போயி, அங்கேர்ந்து அத்தினி லாரிக்கு நடுவுல நடந்து போனா மட்டும் பயமில்லியா?"

"இந்த வேல வேணாம் பாப்பா. வேற பாத்துக்கலாம்."

"வேற எங்க பாத்தாலும் ரோட்டு மேலதான் போவணும்."

அவள் சொன்னது சரிதான். சாவியை அவளிடமே விட்டுவிட்டேன்.

இன்று காலை என் பஸ் நேரமும் அவள் கிளம்பும் நேரமும் ஒன்றாக அமைந்தது. இரண்டு பேருக்கும் நாஷ்டா கட்டினேன். வாசலில் வண்டியை எடுத்து நிறுத்தி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, நாடாவைப் போட்டுவிடச் சொல்லி முகத்தைத் தூக்கிக் காட்டினாள். சின்ன வயதில் ஸ்கூல் யூனிபார்ம் காலருக்குப் பட்டன் போடச் சொல்லிக் காட்டுவாளே, அதே மாதிரி. தாடைக்கு அடியில் இரண்டு முனையையும் பிடித்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகப் பார்க்கிறேன், போகவில்லை. நாளெல்லாம் ஒயர் முனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கனெக்டரில் செருகுகிற கை இது, அக்கா. ஒரு பிளாஸ்டிக் கொக்கியைப் போட முடியவில்லை.

"இன்னாம்மா, கை இப்டி ஆடுது?"

"குளுரு."

"இந்தப் புயுக்கத்துல இன்னா குளுரு?"

அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் நிற்கும்வரை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு என் கையோடு தன் கையையும் வைத்து அழுத்தினாள். கிளிக் என்று மாட்டியது. அந்தச் சத்தத்தில் எனக்கு நீ பஸ்ஸில் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. எந்த ஊரிலும் கை நடுங்காமல் இருக்காது.

அவள் பெரிய ரோட்டில் ஏறி வடக்கே திரும்பினாள். என் பஸ் தெற்கே திரும்பியது. கழுத்தை வளைத்து வளைத்துப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு கன்டெய்னர் லாரி நடுவில் வந்தது. அது விலகியபோது அவளைக் காணோம். அவ்வளவு பயம் எனக்கு என் பிரசவத்தில்கூட இருந்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பயப்படு, பயப்படு, நன்றாகப் பயப்படு, நிம்மதியாக மட்டும் இருந்துவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ சொன்ன அதே பைத்தியக்கார நியாயம். லைனில் மாற்றாளாக ரிலீவர் வந்து தோளைத் தொட்டால்தான் நாம் இடத்தை விட்டு நகரலாம், இல்லையா? நீ பாப்பாவுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலையில் உன் தோளைத் தொட யாரும் வரவில்லை. நீ பாட்டுக்கு எழுந்து போய்விட்டாய். இன்று நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உன் சீட்டில் இப்போது புதுசாகச் சேர்ந்த பெண் ஒருத்தி உட்காருகிறாள். ஏறியதும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிடுவாள். நல்ல பெண்தான், புத்தகம்தான் படிக்கமாட்டாள். கவரப்பேட்டை தாண்டியும் போன் வரவில்லை. புதுவாயல் வளைவில் திரும்பும்போது அடித்தது. எடுக்க எனக்கு விரல் வரவில்லை. இரண்டாம் முறை அடித்தபோது எடுத்தேன். "சேந்துட்டம்மா. ரோடெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ நாஷ்டா துன்னியா?" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு, பக்கத்து சீட்டைப் பார்த்து என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்:

"பாப்பா போய்ச் சேந்துட்டாளாம்க்கா."

அந்தப் பெண் திடுக்கிட்டு விழித்து, காதிலிருந்து ஒயரை எடுத்தாள். "என்னையா சொன்னீங்க ஆன்ட்டி?"

"இல்லம்மா. நீ தூங்கு."

இதைச் சாப்பாட்டு நேரத்தில், கேன்டீன் மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாவலின் பின்பாதி பையில் இருக்கிறது. தைல வாசனை சாம்பார் வாசனையையும் மீறி வருகிறது. அதில் சின்னவன் திரும்பி வருவான் என்று எனக்குத் தெரியும், நீ பார்த்துச் சொல்லிவிட்டாய். பாப்பா வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் எளாவூரில் வடநாட்டு லாரிகள் வரிசை கட்டி நிற்கத் தொடங்கியிருக்கும். அதை எனக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆளில்லை. என் போன் லாக்கருக்குள் பூட்டிக் கிடக்கிறது.

மணி அடிக்கப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் உனக்கு நான் தெரியாமலே ஒரு பதில் சொன்னேன். இன்று அப்படிச் சொல்லமாட்டேன். நீ கேட்டுக்கொண்டே இரு. சாயங்காலம் லாக்கரைத் திறந்து, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.